மேசை மேல் புள்ளலூர்



நம் மாவட்டத்து வாசகி ஒருவர் எழுதிய மடல் என் முன்னால் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன், வெளிநாட்டார் செய்யும் சிறு போர்க்கள மாதிரிகளைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, தானும் அதுபோல் குன்றும் கோட்டையும் தோப்பும் செய்ய வேண்டும் என்று அடம் பிடிக்கிறானாம். அதற்கென்றே விற்கப்படும் செயற்கைப் புல், கட்டைவிரல் உயர மரங்கள், பாறைத் தூள் முதலியவற்றை அஞ்சலில் வரவழைத்துத் தரும்படி கேட்கிறானாம். ஒரு கைப்பிடிப் புல்லின் விலையைக் கண்டு அந்தத் தாய் திகைத்துப் போயிருக்கிறார். "இது பயனுள்ள வேலையா, வீண் வேலையா? வேண்டிய பொருள்களை நம் ஊரிலேயே தேடிக்கொள்ள முடியுமா? பொம்மை செய்வதாயிற்றே, மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன். நடுக் கேள்விக்கே இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி செலவாகும். ஏரியும் பனையும் மரக்கடையும் சமையலறையும் உள்ள உத்திரமேரூர் போன்ற ஊரில் இவ்வேலைக்குக் கிடைக்காத பொருள் மிகச் சிலவே.

விளையாட்டு என்பது பெயரளவில்தான். இதன் பிறப்பு அரசர்களின் அவையிலும் படைத்தலைவர்களின் அறையிலும் நிகழ்ந்தது. நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகம் சென்று, அரபுகளிடம் 'ஷத்ரஞ்ஜ்' ஆகி, ஐரோப்பா போய்ச் சேர்ந்த கதை உங்களுக்குத் தெரிந்ததே. அந்தச் சதுரங்கத்தையே விரித்து, காடும் ஆறும் குன்றும் கொண்ட கட்டங்களில் படைகளை நகர்த்தும் ஓர் ஆட்டத்தை ஜெர்மானியக் கணித ஆசிரியர் ஹெல்விக் 1780இல் வெளியிட்டார். 1812இல் ரைஸ்விட்ஸ் என்னும் அதிகாரி பிரஷ்ய மன்னருக்கு ஒரு மேசையே செய்து கொடுத்தார். அதில் நிலத்தின் மேடு பள்ளங்கள் சாந்தால் வார்க்கப்பட்ட ஓடுகளாக இருந்தன; வேண்டியபடி மாற்றி அடுக்கி வெவ்வேறு நிலப்பரப்பை உண்டாக்கலாம். அவருடைய மகன் 1824இல் அதை வரைபடத்தின் மேல் ஆடும் பயிற்சியாகத் திருத்தியமைத்தார். அதைக் கண்ட தலைமைப் படையதிகாரி, இது விளையாட்டன்று, போருக்கான பயிற்சி என்று வியந்தாராம். பின்னர் 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், ஈயச் சிப்பாய்களையும் மரக்கட்டைகளையும் அட்டை வீடுகளையும் தோட்டத்துச் சுள்ளிகளையும் கொண்டு ஆடும் முறையை 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக எழுதினார். போரை ஆடிக் களித்த அதே நூலின் இறுதியில் அவர் உண்மைப் போரின் அறிவீனத்தைக் கண்டிக்கிறார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது.

கவனியுங்கள்: மன்னருக்குச் செய்த மேசைக்குச் சாந்து, வெல்ஸின் தரைக்குச் சுள்ளியும் அட்டையும். தொடக்கத்திலிருந்தே இது கைக்கு எட்டிய பொருளைக் கொண்டு செய்யப்பட்ட வேலைதான்.

இனி, எந்தப் போர்க்களம்? நம் பிள்ளைகள் வாட்டர்லூவையும் நார்மண்டிக் கடற்கரையையும் செய்ய விரும்புகிறார்கள். கைப்பேசியில் வருவது அதுதானே! நம் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து புறப்பட்டால் ஒரு பகலில் போய்த் திரும்பும் தொலைவில் எத்தனை களங்கள் இருக்கின்றன தெரியுமா? தென்மேற்கே வந்தவாசி, 1760 ஜனவரி 22இல் ஆங்கிலேயத் தளபதி கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்ற இடம். வடக்கே, காஞ்சிபுரத்துக்கு அப்பால் புள்ளலூர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் தன் பகைவரை அழித்த ஊராகக் காசாக்குடிச் செப்பேடு இந்த ஊரைத்தான் குறிக்கிறது. அதே ஊரில் 1780 செப்டம்பர் 10ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை, ஐதர் அலியாலும் அவர் மகன் திப்புவாலும் முற்றாக முறியடிக்கப்பட்டது. மேலே சொன்ன ஹெல்விக்கின் ஆட்டம் அச்சான அதே ஆண்டு! ஹிஜ்ரிக் கணக்கில் அது 1194, ரமளான் மாதத்தின் பத்தாம் நாளை ஒட்டி வருகிறது.

எங்கள் மாலை நேர மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகள் பதினொருவர், தங்கள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகச் செய்தது இந்தப் புள்ளலூரைத்தான். அந்த வேலையிலிருந்தே உங்களுக்குச் செய்முறை சொல்கிறேன்.

முதலில் தேட வேண்டிய பொருள் செய்தி. அது கடையில் கிடைக்காது, ஆனால் செலவும் இல்லை. பெய்லி குண்டூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே வந்து, காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் பெரும்படையுடன் சேர வேண்டியவர். வழியில் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்து, ஆகஸ்ட் இறுதியில் பல நாள் கரையிலேயே தங்க நேர்ந்தது. செப்டம்பர் 6இல் பேரம்பாக்கத்தில் திப்பு அவரைத் தாக்கினார். 9ஆம் நாள் கர்னல் பிளெச்சர் ஏறத்தாழ ஆயிரம் பேருடன் துணைக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் மொத்தம் 3,800 பேர் அளவிலான அந்தப் படை சூழப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பிளெச்சர் மாண்டார், பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு 1782இல் அங்கேயே இறந்தார். சில மைல் தொலைவில் இருந்தும் உதவிக்கு வந்து சேராத மன்றோ, தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார்.

இவையெல்லாம் மண்ணின் நிறத்தைக்கூட முடிவு செய்யும் என்றால் நம்புவீர்களா? களத்தின் தரைக்கு வெளிறிய வறட்டு மண் நிறம் பூசலாம் என்று பையன்கள் தொடங்கியபோது, ஒரு மாணவி, "ஹஜ்ரத், ஆற்றில் வெள்ளம் வந்து பத்து நாள்கூட ஆகவில்லையே? தரை ஈரம் குடித்துக் கருத்தல்லவா இருக்கும்?" என்று கேட்டாள். பையன்கள் வாயடைத்துப் போனார்கள். பூச்சு மாறியது.

அடுத்தது அளவு. இதில் பிள்ளைகள் எளிதில் தடுமாறுவார்கள். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் சிப்பாய்களில் பெரும்பாலானவை 72இல் ஒரு பங்கு அளவின. அக்கணக்கில் ஓர் ஆள் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பத்தடிக் குடிசை நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அறுபத்தைந்து அடிப் பனை ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நிலத்தையும் அதே அளவில் செய்யப் புகுந்தால் மேசைக்குப் பதிலாகத் தெரு முழுவதும் வேண்டும். ஆகவே நிலத்துக்கு வேறு கணக்கு வைப்பது இக்கலையில் வழக்கம். நாங்கள் ஓர் அங்குலத்துக்கு 50 அடி என வைத்தோம். ஆறடிக்கு நான்கடி மேசையில் நீளவாக்கில் 3,600 அடி, அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலான களம் அடங்கியது. நான்கு குடிசைகள் ஓர் ஊர். ஆறு பனைகள் ஒரு தோப்பு. பார்ப்பவரின் கண் இதை ஏற்றுக்கொள்கிறது.

இப்போது பொருள்களுக்கு வருவோம். அடிப்பலகைக்குப் புதிய பிளைவுட் வாங்காதீர்கள். மரக்கடையில் கதவு, அலமாரி செய்து மிஞ்சிய துண்டுகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். பாதி விலைக்குக் கொடுப்பார்கள், பள்ளிக்கூட வேலை என்றால் சும்மாவும் கொடுப்பார்கள். அங்கேயே ஒரு கோணிப்பை மரத்தூளும் கேட்டு வாங்குங்கள். மேடு பள்ளங்களுக்கு, குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் பொதிந்து வரும் தெர்மோகோல் போதும். எப்படியும் அது குப்பைமேட்டுக்கோ ஏரிக்கோ போகிற பொருள். மேசையின் அடியில் கிடந்தால் ஊருக்கு நல்லது. சற்றே சூடேற்றிய கத்தியால் பெரியவர்கள் அறுத்துத் தர வேண்டும். அந்தப் புகையைப் பிள்ளைகள் முகரலாகாது, சன்னல் திறந்திருக்கட்டும்.

தெர்மோகோலைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. எனாமல் பெயின்ட், தின்னர், மிதிவண்டிக் கடை ரப்பர் பசை, தெளிப்பு வண்ணம் இவற்றில் எது பட்டாலும் அது கரைந்து குழிந்துவிடும். எங்கள் பையன் ஒருவன் வீட்டில் மிஞ்சிய கதவு வண்ணத்தைக் கொண்டுவந்து ஆர்வத்தோடு பூச, அரைமணி நேரத்தில் ஒரு குன்று பள்ளத்தாக்காயிற்று. "இது பீரங்கிக் குண்டு விழுந்த குழி" என்று அவன் சமாளித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. குழியை அப்படியே விட்டுவிட்டோம். ஃபெவிகாலும் நீரில் கரைந்த டிஸ்டம்பரும் போஸ்டர் வண்ணமும் தீங்கு செய்யா.

அதன் மேல் தோலாகப் போர்த்துவதற்கு இரண்டு வழிகள். மருந்துக்கடை கட்டுத்துணியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் தோய்த்துப் போர்த்தலாம், விரைவில் இறுகும். நீரில் பொடியைத் தூவிக் கலக்க வேண்டுமே தவிரப் பொடியின் மேல் நீரை ஊற்றலாகாது. இறுகும்போது அது சூடாகும். விளையாட்டாகக்கூடக் கையை அதற்குள் புதைக்க விடாதீர்கள். மிச்சத்தைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினால் குழாய் கல்லாகிவிடும். மற்றொரு வழி நம் பாட்டிமார் அறிந்தது. பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்துக் கூழாக்கி, மூங்கில் முறத்துக்கும் கூடைக்கும் பூசுவார்களே, அதே கூழ்தான். காய நாளாகும், ஆனால் இலேசாகவும் உறுதியாகவும் இருக்கும், பூச்சியும் எளிதில் அண்டாது. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் காகிதக் கூழால் பொம்மை செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கூழ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட அங்கே கால்மணி நேரம் நின்று பார்த்தால் நன்கு விளங்கும். வெறும் ஏரிக் களிமண்ணை நம்ப வேண்டாம், காய்ந்தவுடன் வெடிக்கும். உமியோ மரத்தூளோ மூன்றில் ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்தால் வெடிப்பு குறையும்.

புல்லுக்கு என்ன செய்வது என்பதுதானே அந்தத் தாயின் கவலை? மரத்தூளைச் சல்லடையில் சலித்து, பச்சை வண்ணம் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். ஒரே பச்சையாக வேண்டாம். மஞ்சள் கலந்த பச்சை, பழுப்புப் பச்சை, கரும்பச்சை என மூன்று வகையாகச் செய்து ஒன்றாகக் கலந்து தூவினால் நம் வயல்வரப்பின் நிறம் வரும். ஃபெவிகாலை நீர்விட்டுத் தளர்த்தித் தரையில் பூசி, அதன் மேல் தேயிலை வடிகட்டியால் தூவ வேண்டும். ஒட்டாமல் உதிர்ந்ததைத் தட்டி எடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். இன்னும் உயரமான கோரைக்குத் தேங்காய் நாரை நறுக்கிச் செருகுங்கள். ஈரம் கண்ட கருமண்ணுக்குக் காய்ந்த தேயிலைச் சக்கையைவிடச் சிறந்த பொருளை நான் கண்டதில்லை. நன்றாகக் காயாவிட்டால் பூசணம் பூக்கும். இரண்டு நாள் வெயில் தேவை. பிள்ளைகள் வீட்டுக்கு வீடு தேயிலைச் சக்கை சேர்க்கத் தொடங்கியபோது, "உங்கள் ஹஜ்ரத் டீக்கடை வைக்கப் போகிறாரா?" என்று ஓர் அம்மையார் கேட்டனுப்பினார்.

வேலி, புதர், கூரை ஆகிய மூன்றுக்கும் ஒரே பொருள் பன்னாடை. தென்னை, பனை மட்டைகளின் அடியில் வலைபோல் பின்னிக் கிடக்கும் அதை யாரும் சீந்துவதில்லை. கிழித்தால் புதர், நறுக்கி அடுக்கினால் ஓலைக்கூரை, விரித்தால் படைவீட்டுத் திரை. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூட்டைத் துண்டாக்கிப் பச்சை பூசினால் வேலமரத்தின் தலை. மெத்தை தைப்பவரிடம் விழும் பஞ்சுமெத்தைத் துணுக்குகளை வண்ண நீரோடு பழைய மிக்சியில் ஓட்டினால் இலைக்கொத்து. பழைய மிக்சி என்றேன், தாய்மார்கள் கவனிக்க!

பனைமரத்துக்கு மட்டும் நாங்கள் நான்கு மாலைகள் செலவிட்டோம். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மரங்களில் ஈச்சையும் தென்னையும் ஊசியிலை மரமும் உண்டு; பனை இல்லை. பனையில்லாத தொண்டை மண்டலம் ஒரு நிலமா? தென்னை ஈர்க்குகள் ஐந்தாறைச் சேர்த்துச் சணல் சுற்றி, கூழ் பூசி, காய்ந்தபின் கரிய பழுப்புத் தீட்டினால் அடிமரம் ஆயிற்று. மட்டை இறகுபோல் நீண்டால் அது தென்னை. விசிறிபோல் விரிந்தால்தான் பனை. பச்சைத் தாளை அரைவட்டமாக வெட்டி, விசிறி மடிப்பாக மடித்து, ஓரங்களைக் கத்தரித்து, பன்னிரண்டு பதினான்கை உச்சியில் ஒட்டினோம். கீழே இரண்டு மட்டைகள் காய்ந்து தொங்க வேண்டும் என்று பனையேறும் குடும்பத்து அண்டை வீட்டுப் பையன் ஒருவன் வந்து சொல்லிக்கொடுத்தான். அதன் பிறகுதான் அது பனைமரம் ஆயிற்று.

ஏரிக்குப் படச்சட்டக் கடையில் மிஞ்சிய கண்ணாடித் துண்டு. அடிப்புறம் பச்சை கலந்த கருநீலம் பூசிக் கவிழ்த்தால் நீர் நிற்பதுபோல் தோன்றும். விளிம்பைக் கடைக்காரரிடமே தேய்த்து வாங்கிவிடுங்கள். மதிலுக்கு முட்டை அட்டையைச் சிறு செங்கற்களாக நறுக்கி அடுக்கலாம். பெட்டி அட்டையின் மேல்தாளை நனைத்து உரித்தால் வரிவரியாக ஓட்டுக்கூரை. மணலைச் சலித்துக் கிடைக்கும் பொடிக்கல் பாறை. கொடிகளுக்குக் காஞ்சிபுரத்துத் தறிவீடுகளில் கழியும் பட்டு நூலும் துணி ஓரமும் கிடைத்தன. எந்த நாட்டு விளையாட்டுக்காரனுக்கு இப்படிப்பட்ட கொடி வாய்க்கும்! மைசூர்ப் படையின் புகழ்பெற்ற ராக்கெட்டுகள் இரும்புக் குழலை நீண்ட மூங்கிலோடு கட்டியவை. தீர்ந்த பேனா ரீஃபிலின் கால் அங்குலத் துண்டை ஊதுவத்திக் குச்சியில் நூலால் கட்டினால் அதே வடிவம். வெடித்த வண்டிகளின் புகைக்கு இலவம்பஞ்சில் அடுப்புச் சாம்பலைத் தடவினோம்.

நெட்டியை மறக்கவிருந்தேன். ஏரி ஓரங்களில் வளரும் அந்தச் செடியின் தண்டை உரித்தால் உள்ளே வெண்ணெய் நிறத்தில் மெத்தென்ற தக்கை. கூர்மையான கத்திக்கு அது காட்டும் பணிவு வேறு எந்தப் பொருளுக்கும் இல்லை. தூணும் மாடமும் வளைவும் செதுக்க இதைக் காட்டிலும் ஏற்றது கிடையாது. தஞ்சாவூரில் தலைமுறைகளாக இதில் கோயில்களும் மாளிகைகளும் செய்கிறார்கள். 2020இல் அந்தக் கைவினைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் பக்கத்து ஏரிகளில் நெட்டியைத் தேடிப் பையன்கள் மூன்று கரைகள் நடந்தார்கள். கிடைத்தது ஒரு கட்டுக்கும் குறைவு. காரணம் தேட வேண்டியதில்லை. கரையோரம் கொட்டிக் கிடந்த குப்பையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

நகரத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். நவராத்திரிக்கு முன் மயிலாப்பூர் மாடவீதிகளில் கொலுப் பூங்காவுக்கென்று சிறு வேலிகள், கிணறுகள், வண்டிகள் குவிந்திருக்கும். மாட்டுவண்டியும் கிணறும் அளவொத்துக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். மீன்தொட்டிக் கடையில் பொடிக்கற்கள் பல நிறத்தில் உண்டு. இவற்றுக்கு மேல் பாரிமுனையில் அலைவது பெரும்பாலும் கால்வலிக்குத்தான்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்துகொள்ளும்படி அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கிடையே சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததும், அதைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. சிறுவர் விளையாட்டுக்கு விலக்கு உண்டு என்று அறிஞர் பலர் கூறுவது இதனை வைத்துத்தான். பேணுதலாக விலகியிருப்போரும் உண்டு. குன்றுக்கும் மரத்துக்கும் மதிலுக்கும் அறிஞர்களில் பெரும்பாலோர் தடை சொல்லவில்லை. சிப்பாய்களைப் பொறுத்தவரை இந்த விவாதத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. ரைஸ்விட்ஸின் ஆட்டத்தில் மனித உருவமே கிடையாது. சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகள்தாம் படைப்பிரிவுகள். நாங்களும் அவ்வாறே செய்தோம். இருநூறு பேருக்கு ஒரு கட்டை. பெய்லிக்குப் பத்தொன்பது கட்டைகள். அந்தப் படையெடுப்பில் ஐதரிடம் எண்பதாயிரம் பேருக்கு மேல் இருந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். முழுவதும் காட்ட நானூறு கட்டைகள் வேண்டும் என்றதும் அறுத்துத் தர ஒப்புக்கொண்ட தச்சர் எழுந்தே நின்றுவிட்டார். மேசை கொண்ட மட்டும் நூற்றிருபது வைத்தோம். அந்தப் பத்தொன்பதைச் சுற்றி நூற்றிருபதை அடுக்கிப் பார்த்தபோது, எந்தப் பொம்மையும் சொல்லாததை வெறும் கட்டைகள் சொல்லின. பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை.

ஆனால் பேச்சு வேறொரு இடத்தில் மூண்டது. ஐதரின் கட்டைகளுக்குப் பச்சை பூசிப் பிறைக்கொடி நட வேண்டும் என்றும், இது 'நம்மவர்' வென்ற போர் என்று மேலே எழுத வேண்டும் என்றும் சிலர் விரும்பினார்கள். நான் மறுத்தேன். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி அன்று கம்பெனியின் பக்கம் நின்றவர். பெய்லியின் பத்தொன்பது கட்டைகளில் பெரும்பகுதி வெள்ளையர் அல்லர். கூலிக்குச் சேர்ந்த நம் நாட்டுச் சிப்பாய்கள், அவர்களிலும் முஸ்லிம்கள் உண்டு. ஐதரின் படையிலோ இந்துக்கள் திரளாக இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்களும் இருந்தார்கள். இந்தக் களத்தை இரண்டு மதங்களாகப் பிரித்து வண்ணம் பூசினால் அது பொய்க் களமாகிவிடும். ஆகவே சிவப்பும் நீலமும்தான் என்றேன்.

அதோடு நிற்கவில்லை. கம்பெனிப் படைக்கு உணவும் தீவனமும் கிடைக்கக் கூடாதென்று அந்த ஆண்டு ஐதரின் குதிரைப் படையினர் இந்த நாட்டுப்புறங்களை எரித்துப் பாழாக்கினார்கள். எட்மண்ட் பர்க் 1785இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் அந்த அழிவை விரிவாகப் பேசினார். கம்பெனி அதிகாரிகளின் பேராசையையும் அதே பேச்சில் அவர் தோலுரித்தார். எரிந்தவை நம் முன்னோரின் ஊர்கள். ஆகவே மேசையின் ஓரத்தில் எரிந்த ஊர் ஒன்று இருக்க வேண்டும் என்றேன். கருக்கிய தேங்காய் நாரும் சாம்பலும் போதும், செலவில்லாத ஊர். "ஹஜ்ரத், வெற்றியைக் காட்டப் போய் இதை எதற்கு வைக்க வேண்டும்? பார்க்கிறவர்கள் நம்மைத்தானே பேசுவார்கள்?" என்று மூத்த மாணவன் கேட்டான். அவன் வருத்தம் எனக்குப் புரியாமலில்லை. திப்புவின் பெயரைச் சொன்னாலே சண்டைக்கு வரும் காலத்தில், நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவனுடைய நியாயம். மறைத்து வைத்த செய்தியைப் பிறர் கண்டெடுத்துக் காட்டும்போது நமக்கு வாய் இருக்காது. நாமே வைத்தால் மற்றதையும் நம்புவார்கள் என்பது என்னுடையது. அவன் இரண்டு நாள் வரவில்லை. பிறகு வந்து ராக்கெட்டுகளையெல்லாம் அவனே கட்டினான். அந்த ஊரில் மட்டும் கை வைக்கவில்லை. இன்றுவரை அவனுக்கு என் முடிவில் உடன்பாடு இல்லை. அவன் அத்தாவும் அவன் பக்கம்தான்.

கண்காட்சிக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளைப் புள்ளலூருக்கு அழைத்துச் சென்றோம். அங்கே நிற்கும் இரண்டு நெடுந்தூண் நினைவுச் சின்னங்களும் 1780இல் மாண்டவர்களுக்கு உரியவையல்ல. மறு ஆண்டு 1781 ஆகஸ்ட் 27இல் கூட் அதே களத்தில் ஐதருடன் பொருதபோது இறந்த கம்பெனி அதிகாரிகள் இருவருக்கு எழுப்பியவை. வென்றவர் பக்கத்து ஓவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784இல் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இருக்கிறது: சதுரமாகக் குறுகி நிற்கும் கம்பெனிப் படை, பல்லக்கில் காயம்பட்ட பெய்லி, வெடிக்கும் வண்டி. போகும் வாய்ப்புள்ளவர்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். பெயரில்லாத சிப்பாய்க்கும் எரிந்த ஊர்க்காரனுக்கும் இரண்டு இடத்திலும் ஒரு கல்லும் இல்லை என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் சொல்லிக் கொடுத்ததன்று.

மடல் எழுதிய சகோதரிக்கு: மகனை ஆறடி மேசையில் தொடங்க விடாதீர்கள். ஒரு முழம் சதுரப் பலகை, ஒரு குன்று, இரண்டு பனை, ஒரு குடிசை போதும். ஃபெவிகாலும் நான்கு புட்டி போஸ்டர் வண்ணமும் ஒரு தூரிகையும் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. பெரிதாகச் செய்யும் நாள் வரும்போது, இன்ஷா அல்லாஹ், எங்களைப் போல் இரண்டடிக்கு நான்கடியாக மூன்று பலகைகளில் செய்து, அடியில் கொக்கி வைத்து இணைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் வீட்டு நிலைப்படியைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் ஏறும். பனைமரங்களைப் பலகையில் நிலையாக ஒட்ட வேண்டாம். துளையிட்டுச் செருகினால் பயணத்தில் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம். வேலை முடிந்ததும் பழைய வெள்ளை வேட்டியால் மூடி, மூலைக்கு ஒரு கற்பூர வில்லை போட்டு வையுங்கள். மைதாப் பசை பயன்படுத்தியிருந்தால் கரப்பானும் எலியும் தேடி வரும்; அதற்காகவே வெந்தயக் கூழைச் சொன்னேன்.